இடது பெட்டியின் பழுது

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு எடைக்கல் என்று பெயர். கூண்டு மேலே போகும்போது கம்பியின் மறுமுனையில் தொங்கும் எடைக்கல் கீழே இறங்கும். அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே போய் சூப்பர்வைசர், மேனேஜர் என்று ஆகிவிட, இவர் மட்டும் இருபத்தாறு வருடமாக அடிக்குழியிலேயே நின்றதால் யாரோ ஒரு குறும்புக்காரர் சூட்டிய பெயர். சூட்டியவரும் மேலே போய்விட்டார். பெயர் மட்டும் இவரிடம் தங்கிவிட்டது. அவர் கோபித்துக்கொள்வதில்லை. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அந்த வருடம் அவருக்கு ஐம்பத்தொன்று. அசதி, சொல்லாமல் வந்து தங்கிவிட்ட உறவுக்காரரைப் போல அவரோடு குடியிருந்தது. காலையில் அவருக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருக்கும். வேலைக்குக் கிளம்பினால் கூடவே செருப்பு மாட்டும்.

அப்படி ஒரு நாள், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் நின்றுபோன லிஃப்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடியில் ஒரு கணக்கு டீச்சர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். சாமான் வண்டி வாசலில் நிற்கிறது, லிஃப்ட் ஓடவில்லை. டீச்சர் படியிறங்கி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"எப்ப ஓடும்?"

"அரை மணி நேரத்துல ஓடிடும்மா."

"காலையில வந்தவரும் இதையேதான் சொன்னாரு."

"காலையில வந்ததும் நான்தாம்மா."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லிஃப்ட் ஓடியதும் தண்ணீர் கொடுக்க வீட்டுக்குள் கூப்பிட்டார். கூடத்தில் கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவே, யாரும் கட்டாமல் விட்ட ஒன்று தரையில் இருந்தது. தேக்கு நிறத்தில் மரக்கூடு. முன்பக்கம் மங்கிய பொன்னிறத் தகடு, அதில் எண்கள் வரிசையிட்ட நீளமான கண்ணாடி, பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய குமிழ். பின்பக்க ஓட்டைகள் வழியாகப் பார்த்தால் தூசிக்குள் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளாக வால்வுகள் நின்றன. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் பழைய ஸ்டீரியோ ரிசீவர். பக்கத்தில் அதன் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.

"எங்க அண்ணனோடது," என்றார் டீச்சர். "அவர் போய் ரெண்டு வருஷமாச்சு. அதுக்கு முன்னாடியே இது போயிடுச்சு. இருபது வருஷம் இது போடுற சத்தத்துலதான் பேப்பர் திருத்தினேன். எத்தனை பிள்ளைங்களுக்குத் தப்பா மார்க் போட்டேனோ. எடுத்துக்கறீங்களா?"

"என்ன விலைம்மா?"

டீச்சர் ஒரு தொகை சொன்னார். அவர் பேரம் பேசவில்லை. பேரமும் ஒரு வேலைதான். அன்றைக்கு அவருக்கு வேலை போதும் போதுமென்று ஆகியிருந்தது.

"ஓடாததை வாங்கறீங்களே, ரிப்பேர் பண்ணிடுவீங்களா?"

"லிஃப்டையே ரிப்பேர் பண்றேனேம்மா."

"அதைத்தான் காலையிலேருந்து பார்த்துக்கிட்டிருக்கேன்," என்றார் டீச்சர்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் இறக்கியபோது முதுகு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். பகல் முழுவதும் நின்றுகொண்டே இருக்கிற வேலை. அப்போதுதான் வந்து, காலை ஒரு வாளி வெந்நீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க இது?"

"ஸ்டீரியோ. வால்வு போட்டது. ஆன் பண்ணா சூடாகி, அப்புறம்தான் பாடும்."

"ஏற்கெனவே வீட்ல ஒரு பழசு இருக்கு. அதுவும் சூடாகத்தான் நேரமாகுது, பாடறதே இல்லை. இதுல இன்னொண்ணா?"

 எதற்காக வாங்கினார் என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதைப் பழுது பார்த்தவனை யாரும் நினைப்பதில்லை. நின்றால் மட்டும் ஊரே கூடித் திட்டும். யாரும் மாட்டிக்கொள்ளாத, யாரும் கீழே நின்று கத்தாத ஒரு வேலையைச் செய்து பார்க்கக் கைக்கு ஆசையாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. நாலு மாதமாக அவருக்கு வேலையிடத்தில் பேச்சுத்துணை கிடையாது.

அதற்கு முன்பு ஒன்பது வருடம் ஒரு கூட்டாளி இருந்தான். ஒல்லி என்று கூப்பிடுவார்கள். முப்பத்து நாலு வயது, இரண்டு பெண் குழந்தைகள். இரண்டு பேரும் ஒரே பையில் சாமான் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் ஏறி இறங்கியவர்கள். அந்த வேலையில் ஒருவன் கூண்டின் தலைமேல் நின்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவான், இன்னொருவன் அடியில் குழிக்குள் நிற்பான். மேலே இருப்பவன் குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவன் "சரி" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பொத்தானில் விரல் வைக்கலாம்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஓர் அலுவலகக் கட்டடத்தில் எடைக்கல் குழிக்குள் நின்றார், ஒல்லி மேலே. குழியிலும் ஒரு நிறுத்து பொத்தான் உண்டு, அழுத்தி வைத்தால் கூண்டு அசையாது. கூண்டை அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டியிருந்ததால் அதை விடுவித்து வைத்திருந்தார்கள். அப்போது வாட்ச்மேன் கதவோரம் குனிந்து, "இன்னும் ரொம்ப நேரமாகுமா? ஜனங்களைப் படியில போகச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். இவர் அவரைப் பார்த்து, "சரி, சரி" என்றார். அடுத்த நிமிடம் தலைக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தது. கூண்டு இறங்கிக்கொண்டிருந்தது. எப்படி மூலைக்குள் ஒடுங்கினார் என்பது அவருக்கே தெரியாது. தோள்பட்டையில் தோல் வழன்று போயிற்று. சாமான் பெட்டி நசுங்கித் தகடாகிவிட்டது.

ஒல்லி படிகளில் விழுந்தடித்து ஓடி வந்தான். "அண்ணே! மூணு தடவை கூப்பிட்டேன்ணே. நீங்க சரின்னு சொன்னீங்க!"

"எங்கடா கூப்பிட்டே? உன் குரலே வரலை!"

மேனேஜர் இருவரையும் விசாரித்தார். வாட்ச்மேன், வம்பு எதற்கு என்று, தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுங்கிக்கொண்டார். எடைக்கல் சொன்னது ஒரே வாக்கியம்: "அவன் கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்." இருபத்தாறு வருட அனுபவக்காரர் சொன்ன சொல். ஒல்லியை லிஃப்ட் வேலையிலிருந்து எடுத்து, ஊருக்கு வெளியே இருக்கும் குடோனில் உதிரிப் பொருள்களை அடுக்கப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு இவரோடு வாரத்துக்கு ஒரு புது ஆள் வந்தான், போனான். பல நாள் இவரே தனியாக ஏறி இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும், வேலை சீக்கிரம் முடிகிற மாலைகளிலும் ரிசீவரைப் பிரித்தார். முதலில் பெயிண்ட் பிரஷ் எடுத்துத் தூசி தட்டினார். தட்டத் தட்ட வந்தது. டீச்சரின் அண்ணன் வாழ்நாளில் ஊதித்தள்ளிய சிகரெட்டெல்லாம் பழுப்புப் பிசினாக உள்ளே படிந்திருந்தது. நேராகக் கரண்ட் கொடுக்கிற அவசரக்காரர் இல்லை அவர். நூறு வாட் பல்பு ஒன்றை நடுவில் கோத்து அதன் வழியாகக் கொடுத்தார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், ரிசீவர் பிழைத்துக்கொள்ளும். பல்பு கல்யாண வீடு மாதிரி எரிந்தது. அணைத்துவிட்டார்.

பவர் சப்ளையில் இருந்த பெரிய கண்டென்சர்கள் வயிறு வீங்கிக் கசிந்திருந்தன. அவற்றைக் கழற்றும் முன், உள்ளே தங்கியிருக்கும் கரண்டை முறையாக இறக்கினார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கியடிக்கிற சாமான் அது. உதிரிபாகக் கடைக்காரரிடம் புதிய கண்டென்சர்கள் வாங்கி, பழைய ஈயப் பற்றை உருக்கியெடுத்துப் புதிதாகப் பற்று வைத்தார். காகிதம் சுற்றிய சின்னக் கண்டென்சர்களையும் ஒவ்வொன்றாக மாற்றினார். குமிழ்களுக்குள் அழுக்கெடுக்கும் மருந்து அடித்து முன்னும் பின்னும் திருகினார். ஸ்டேஷன் முள்ளை இழுக்கும் நூல் இற்றுப்போயிருந்தது. கப்பி, நூல், சுருள்வில் என்று அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. படுத்துக்கொண்டு ஓடுகிற குட்டி லிஃப்ட் அல்லவா அது! புது நூலைக் கோத்து, முள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டு போவதைப் பத்துத் தடவை பார்த்தார்.

"சாப்பாடு ஆறுது," என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

அவர் பதினோராவது தடவை முள்ளை ஓட்டினார்.

"செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி ஆச்சு," என்று அவளே தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

ஏழாவது வாரம், மாலை ஐந்து மணிக்கு மறுபடியும் கரண்ட் கொடுத்தார். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கியது. ஓட்டைகளுக்குள் வால்வுகள் ஒவ்வொன்றாக ஆரஞ்சு நிறத்தில் சூடேறின. சுமார் அரை நிமிடம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு மெல்லிய இரைச்சல். அப்புறம், முள்ளைக் கொஞ்சம் நகர்த்தியதும், ஒரு பெண் குரல் பாட்டின் நடுவிலிருந்து அறைக்குள் வந்து நின்றது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் சாய்ந்தாள்.

"அட. நிஜமாவே பாடுது."

அவர் முகத்தில் மகிழ்ச்சி ஒரு நிமிடம்தான் இருந்தது. "இடது பக்கம் கம்மியா இருக்கு," என்றார்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

பழுது கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. ஒன்றை மாற்று, பழுது கூடவே போகிறதா பார். போனால் அதில்தான் பழுது. இடது பக்க வால்வுகளை வலதுக்கும், வலது பக்கத்தவற்றை இடதுக்கும் மாற்றிச் செருகினார். அப்போதும் இடதுதான் கம்மி. சரி, வால்வில் இல்லை. பின்னால் ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிச் சொருகினார். அப்போதும் இடது. சரி, ரிசீவரில் இல்லை, பெட்டியில். பெட்டிகளைத் தூக்கி இடம் மாற்றினார். அப்போதும் இடது.

முதுகுவலியோடு அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் மீட்டரை வைத்து இரண்டு பக்கமும் பார்த்தார். தன் கடை ஸ்பீக்கரில் போட்டும் கேட்டார்.

"ரெண்டும் ஒரே அளவுதான். மயிரிழை வித்தியாசம் இல்லை."

"எனக்குக் கேக்குதே வித்தியாசம்."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்லுவாங்க. உங்களுக்கு ஆடத் தெரியுது. அப்போ கூடமே கோணலா இருக்கும். போய் சுவரைப் பாருங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. இடது பக்கம் ஜன்னல், அதில் தடித்த திரை. திரை சத்தத்தைக் குடிக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜையை எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டார். அலமாரி வழிவிட வேண்டியிருந்தது, கட்டில் அலமாரிக்கு வழிவிட வேண்டியிருந்தது. வீடே தலைகீழானது. ஜன்னல் இப்போது வலது பக்கம். போட்டுப் பார்த்தார். இடதுதான் கம்மி.

"வீட்டைத் திருப்பியாச்சு. இனிமே தெருவைத்தான் திருப்பணும்," என்றபடி மனைவி மாவு சலிக்கப் போனாள்.

 நாற்காலிவரை போகத் தெம்பில்லாமல் அங்கேயே தரையில், மேஜைக்காலில் முதுகைச் சாய்த்து, ரிசீவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். வயலின் ஒன்று இழைந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் கிணற்றுக்குள்ளிருந்து கேட்ட வயலின், இப்போது தோளருகே கேட்டது. இடது பெட்டியிலிருந்து வருகிற வயலின். அது இப்போது அவருடைய வலது பக்கம் இருந்தது. வலது பெட்டி, இத்தனை நாள் கணீரென்று இருந்த பெட்டி, மங்கிப் போயிருந்தது.

கண்ணைத் திறந்தார். வால்வை மாற்றியாயிற்று, ஒயரை, பெட்டியை, சுவரையும் மாற்றியாயிற்று. மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

விரலால் இடது காதை அடைத்தார். எதுவும் மாறவில்லை. எடுத்துவிட்டு வலது காதை அடைத்தார். பாட்டு, வயலின், சமையலறைச் சல்லடை, தெருவில் போன வண்டி எல்லாம் சேர்ந்து தண்ணீருக்குள் இறங்கிவிட்டன.

அப்படியே எவ்வளவு நேரம் இருந்தாரோ. மனைவி வந்து எதிரே குந்தி உட்கார்ந்தாள். மாவு ஒட்டிய கையால் அவர் விரலைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

"எனக்கு இடது காது கேக்கலை," என்றார்.

"தெரியும்."

"தெரியுமா?"

"ரெண்டு வருஷமா உங்க இடது பக்கமா வந்து நான் பேசுறதே இல்லை. தெருவுல நடந்தாக்கூட வலது பக்கம்தான் வர்றேன். கவனிக்கலையா நீங்க?"

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனே." அவள் கொஞ்சம் யோசித்தாள். "இடது பக்கமா நின்னு சொல்லிட்டேன் போல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, அலமாரி நடுவழியில் நிற்கிற அந்த வீட்டில், கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பாதியில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

குழியில் அன்று வாட்ச்மேன் நின்றது வலது பக்கம். கதவு வலது பக்கம். இவர் தலையைச் சாய்த்து வலது காதை அவருக்குக் கொடுத்திருந்தார். மேலே பார்த்து இருந்தது எந்தக் காது?

"அவன் கூப்பிட்டிருக்கான்," என்றார்.

"யாரு?"

"ஒல்லி. மூணு தடவை கூப்பிட்டேன்னு சொன்னான். கூப்பிட்டிருக்கான்."

மனைவி சிரிப்பதை நிறுத்தினாள். ஒல்லியின் பெண்டாட்டி இப்போதெல்லாம் மருந்துக் கடைக்கு வந்தால் இவளிடம் வராமல் அடுத்த ஆளிடம் போய்த்தான் மருந்து வாங்குகிறாள் என்பதை அவள் வீட்டில் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

மறுவாரம் காது பார்க்கும் இடத்துக்குப் போனார். சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் மூடி மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு வெளியே ஓர் இளம்பெண் எதையோ திருகிக்கொண்டிருந்தாள். வலது காதுக்குச் சின்னச் சின்ன மணிச்சத்தங்கள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் அழுத்தினார். பிறகு அந்தப் பெண் இடது பக்கம் என்று சைகை காட்டினாள். அவர் காத்திருந்தார். எப்போதோ ஒரு தடவை தூரத்தில் ஏதோ முனகியது போலிருந்தது, அழுத்தினார். மறுபடியும் காத்திருந்தார். அந்தப் பெண் கதவைத் திறந்தாள்.

"இடது இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?"

"முடிஞ்சிடுச்சு சார்," என்றாள் அவள், முகத்தைப் பார்க்காமல்.

மோட்டார் ரூம்களில் இத்தனை வருடம் காதுக்கு எதுவும் மாட்டாமல் நின்றதா, வேறு காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, போனது திரும்பாது, இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அங்கிருந்து நேராக பஸ் ஏறிக் குடோனுக்குப் போனார்.

தகரக் கூரை, சூடு. ஒல்லி நட்டு போல்ட்டு டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். இன்னும் ஒல்லியாகியிருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"என்னண்ணே, ஏதாவது சாமான் வேணுமா?"

"இல்லப்பா." காகிதத்தை நீட்டினார். அவன் படித்தான். இரண்டாவது தடவையும் படித்தான். ஒரு டப்பாவின் மூடியைத் திறந்து, காரணமில்லாமல் மூடினான்.

"நீ கூப்பிட்டே. எனக்குத்தான் கேக்கலை. நான் சரின்னு சொன்னது வாட்ச்மேனுக்கு. தப்பு என்மேலப்பா."

 கூரைக்கு மேல் காக்கை ஒன்று நடக்கிற சத்தம் கேட்டது, இவருடைய வலது காதுக்கு மட்டும்.

"என் பொண்டாட்டி ஆறு மாசமா ஒரே கேள்வி கேக்குறாண்ணே," என்றான் கடைசியில். "நிஜமா கூப்பிட்டியா, நல்லா யோசிச்சுப் பாருன்னு. யோசிச்சு யோசிச்சு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கூப்பிடலையோ, கூப்பிட்ட மாதிரி நானே நினைச்சுக்கிட்டேனோன்னு. உங்களைக் கொல்லப் பாத்தேன்னு நினைச்சுக்கிட்டுப் படுக்கறேன், எந்திரிக்கறேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க." டப்பாவைத் தள்ளி வைத்தான். "இதை நீங்க அன்னைக்கே ஒரு தடவை யோசிச்சிருக்கலாம்ல?"

"யோசிச்சிருக்கலாம்."

"ஒன்பது வருஷம்ணே."

"ஆமாம்பா."

அவன் அழுதிருந்தால் கூட இவர் தாங்கியிருப்பார். அவன் மறுபடியும் சீட்டு ஒட்ட ஆரம்பித்தான். "மேனேஜர்கிட்ட சொல்லுவீங்களா?"

"எழுதியே குடுக்கறேன்."

"குடுத்தா உங்களைக் குழிக்குள்ள இறக்க மாட்டாங்க."

"இறக்கக் கூடாதுதான்."

ஒல்லி காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "தண்ணி குடிச்சுட்டுப் போங்க. வெயில்ல வந்திருக்கீங்க," என்று பானைப் பக்கம் கையைக் காட்டினான். எழுந்து மொண்டு கொடுக்கவில்லை. அவரே போய்க் குடித்துவிட்டு வந்தார்.

மேனேஜர் ஒரு காலத்தில் இவரோடு சேர்ந்து ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். கடிதத்தைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆறிப்போனதை எதுக்குப்பா கிளறுற? அவனும் அங்க ஒழுங்காத்தான் இருக்கான். நீயும் இன்னும் ஏழு வருஷம் ஓட்டிட்டுப் போயிடுவே."

"இன்னொருத்தன் மேல நிக்கும்போது எனக்குக் கேக்காம போனா?"

மேனேஜர் கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கடிதத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். "எடைக்கல்லுன்னு சரியாத்தான் பேர் வச்சாங்க. பிடிச்சா பிடிச்ச இடம்."

பத்து நாளில் உத்தரவு வந்தது. ஒல்லி மறுபடியும் லிஃப்டுக்கு. இவருக்கு அலுவலகத்தில் ஒரு நாற்காலி, ஒரு போன். லிஃப்ட் நின்றுவிட்டது என்று ஊரெங்குமிருந்து வரும் புகாரைக் கேட்டு எழுதும் வேலை. காது போனவனைக் கேட்கிற வேலையில் போட்டிருக்கிறார்கள் என்று கம்பெனி முழுக்கச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒரு காது போதும் என்பதால் போன் அவருக்கு ஏற்ற சாமானாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார்ந்தே இருப்பதில் இத்தனை களைப்பு இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. குழியில் நிற்கும்போது உடம்புதான் சோரும். இங்கே நாள் முழுவதும் அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, "ஆள் கிளம்பிட்டாங்க சார், அரை மணி நேரத்துல ஓடிடும்" என்று சொல்லிச் சொல்லி உள்ளே ஏதோ தேய்ந்தது.

ஒல்லி முன்னைப்போல வீட்டுக்கு வருவதில்லை. வழியில் பார்த்தால் தலையசைப்பான். வெளியிடங்களிலிருந்து போன் செய்தால், அண்ணே என்று சொல்லாமல் கட்டடத்தின் பெயரையும் பழுதையும் மட்டும் சொல்வான். மூன்று மாதம் கழித்து ஒரு நாள், "கதவு லாக் மாத்தணும், சாமான் அனுப்பச் சொல்லுங்க," என்று சொல்லி முடித்த பிறகும் போனை வைக்காமல் இருந்தான்.

"அந்த ஸ்டீரியோ எப்படிப் பாடுதுண்ணே? கடைக்காரர் சொன்னாரு."

"பாடுதுப்பா. நல்லாத்தான் பாடுது."

"சரிண்ணே," என்று வைத்துவிட்டான்.

ரிசீவரை விற்றுவிடலாமா என்று அவர் ஒருமுறை யோசித்தார். மனைவி விடவில்லை. முன்தகட்டில் ஸ்டீரியோ, மோனோ என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. மோனோவில் போட்டால் இரண்டு பெட்டியிலும் எல்லாமே சேர்ந்து வரும், ஒற்றைக் காதுக்கு எதுவும் தவறாது. அதை அவர் விளக்கிச் சொன்னபோது, "அப்ப அதுலயே போட்டுக்க வேண்டியதுதானே?" என்றாள்.

"ரெண்டு பக்கமும் பிரிஞ்சு வர்றதுக்குத்தான் அவன் இத்தனை வால்வு போட்டுச் செஞ்சிருக்கான். நீ ஒரு நாள் இந்த நாற்காலியில உட்காரு. ரெண்டு பெட்டிக்கும் சரியா நடுவுல. எப்படி இருக்குன்னு சொல்லு."

அன்று மாலை அவள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, முகம் கூடக் கழுவாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் கால் வைக்க ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஸ்விட்சைப் போட்டார். வால்வுகள் சூடாகும்வரை அவள் கால்விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டு வந்தது.

"இடது பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டார், தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

"வயலின். நிறைய வயலின். அடுக்கி வச்ச மாதிரி."

"வலது பக்கம்?"

"புல்லாங்குழல். அப்புறம் ஏதோ டொக்கு டொக்குன்னு."

"பாடறவங்க?"

"நடுவுல. இங்கே பெட்டியே இல்லை, ஆனா இங்கேருந்துதான் வருது." அவள் கையை நீட்டி வெறும் காற்றில் ஓர் இடத்தைக் காட்டினாள். "அங்கதான் நிக்கிறா. மூச்சு விடறது கூடக் கேக்குது."

அவர் அந்த இடத்தைப் பார்த்தார். மேஜைக்கு மேலே சுவர்தான் தெரிந்தது. "இன்னும் சொல்லு," என்றார்.

"இப்ப வயலின் நின்னுடுச்சு. இப்ப... இந்தப் பக்கமும் ஏதோ..." என்று இழுத்தாள். குரல் தேய்ந்து நின்றது. திரும்பிப் பார்த்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டிருந்தாள்.

அந்தப் பாட்டு முடிகிறவரை இருந்தார். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்து, சத்தமில்லாமல் ஸ்விட்சை அணைத்தார். வால்வுகள் மெதுவாக நிறம் மங்கின.

"ஏங்க நிறுத்துனீங்க?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவர் மறுபடியும் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, அது சூடாகக் காத்திருந்தார்.